மூன்றாவது தட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் சின்ன வயதிலேயே அப்பா எனக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தார். அண்ணனுக்கு வைத்தது ஆணி. அடித்த இடத்தில் நிற்பான், அரை அங்குலம் நகர மாட்டான். பட்டாசும் ஆணியும் சேர்ந்து தொழில் நடத்தினால் உருப்படுமா என்று எங்களை யாராவது முன்கூட்டியே கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

தொழில் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. அன்றாட வேலைகளை எழுதி வைத்துக்கொள்ள ஒரு செயலி. துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஒரே ஒரு அறை, முதுகோடு முதுகாகப் போட்ட இரண்டு மேஜைகள், தண்ணீர் கொதிக்க வைக்கும் ஒரு கெட்டில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏ.சி. பெட்டிகள் வெந்நீர் மாதிரிக் காற்றை முகத்தில் ஊதும். அண்ணன் நிரல் எழுதுவான். திரையில் எது எங்கே இருக்க வேண்டும், என்ன நிறம், என்ன சொல், எதைத் தொட்டால் என்ன ஆக வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. எங்கள் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே நாலடி இருக்கும்.

முதலில் எங்கள் செயலியில் ஒரு வேலைக்கு இரண்டே நிலைகள்தான் இருந்தன. ‘செய்யணும்’, ‘முடிஞ்சது’. முடிஞ்சதைத் தொட்டால் சைக்கிள் மணியை ஒரே ஒரு தடவை தட்டியது போல ஒரு சத்தம் வரும். அது அண்ணன் வைத்தது. “குழந்தை விளையாட்டா இது? எடுத்துடு” என்று நான் ஒரு மாதம் கத்தினேன். ஆணி அசையவில்லை. அப்பாவுக்கோ அந்தச் சத்தம் உயிர். செய்து முடித்துவிட்ட வேலையைக்கூடப் புதிதாக எழுதி, உடனே முடிஞ்சதில் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். ‘பல் தேய்க்கணும்’ என்றுகூட ஒருநாள் எழுதியிருந்தார்.

பிறகு பயன்படுத்துகிறவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். ஒரு பெண்மணி எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. ‘நான் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். பதில் வரவில்லை. இதை எதில் போடுவது? செய்யணும் என்றாலும் பொய், முடிஞ்சது என்றாலும் பொய்.’ நியாயமான கேள்வி. புதிய நிலைகள் வேண்டும் என்று முடிவு செய்தோம். எத்தனை, எவை, என்ன பெயர் என்பதில் மூன்று மாதம் ஓடியது. அண்ணன் ஒன்பது கேட்டான். ஒன்பது நிலை வைத்தால் மனுஷன் வேலையைச் செய்வானா, நிலையை மாற்றிக்கொண்டே இருப்பானா என்று நான் குதித்தேன். கடைசியில் ஐந்தில் வந்து நின்றது. செய்யணும், நடக்குது, காத்திருக்கு, முடிஞ்சது, வேண்டாம்.

இதில் ‘காத்திருக்கு’ என்பது அப்பா கொடுத்தது. அவர் பஸ் உதிரி பாகங்கள் வைக்கும் கிடங்கில் முப்பத்தொரு வருடம் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனியாக ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அங்கே சாப்பிட்டுவிட்டு இதைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தபோது, அவர் மேஜையில் மூன்று சின்னத் தட்டுகளை வரிசையாக வைத்தார்.

“எங்க கிடங்குல மூணு தட்டு. முதல் தட்டுல, சாமான் கேட்டு வந்த சீட்டு. ரெண்டாவதுல கையில எடுத்த சீட்டு. பேரிங் வேணும்னு எழுதி அனுப்பியாச்சு, இன்னும் வரல, அந்தச் சீட்டு மூணாவது தட்டுல. நம்ம வேலை முடிஞ்சிருச்சு, ஆனா வேலை முடியல. புரியுதா?”

“அப்புறம் அதை எப்பப்பா பாப்பீங்க?” என்று அண்ணன் கேட்டான்.

“சனிக்கிழமை பதினோரு மணிக்கு. மூணாவது தட்டை அப்படியே மேஜையில கவுத்துருவோம். ஒவ்வொரு சீட்டா எடுத்து, யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கோம், அந்த ஆளு உயிரோட இருக்கானா, மறந்துட்டானா, எல்லாம் கேட்டு முடிச்சு, தட்டு காலியானாத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம்.”

அண்ணன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். காத்திருக்கும் வேலை ஒவ்வொன்றும் ஏழு நாளுக்கு ஒருமுறை மேலே வர வேண்டும், சத்தம் போட வேண்டும், யாருக்காக, எதுவரை என்று கேட்க வேண்டும். இதுதான் அவன் கட்சி. எனக்கு அது பிடிக்கவில்லை. காலையில் கண் விழித்து ஃபோனைத் திறக்கிறவன் முகத்தில், அவன் கையில் இல்லாத பத்து விஷயங்களைக் கொண்டுபோய் இடிப்பதா? அடுத்தவர் தாமதத்துக்கு இவன் ஏன் உறுத்தப்பட வேண்டும்? அதனால் என் வடிவமைப்பில், ஒரு வேலையை ‘காத்திருக்கு’ என்று போட்ட உடனே அது பட்டியலிலிருந்து நழுவி, அடியில் ஒரு இழுப்பறைக்குள் போய்விடும். மெல்லிய சாம்பல் நிற எழுத்து. சத்தம் கிடையாது, சிவப்புப் புள்ளி கிடையாது. ஒரே வேலையை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் அவரவர் நிலை அவரவருக்கு. ஒருவர் காத்திருக்கும்போது மற்றவர் அதில் ஏதாவது எழுதினால், அதுவும் சத்தமில்லாமல் அதே இழுப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாமாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று ஒரு பெயர் மட்டும் போட்டால் போதும், தேதி வேண்டாம்.

“சனிக்கிழமை எங்க?” என்றான் அண்ணன், எங்கள் அறையில் அதைத் திரையில் பார்த்ததும்.

“சனிக்கிழமையும் வேணாம் ஞாயித்துக்கிழமையும் வேணாம். மனுஷனை நிம்மதியா விடு.”

“கவுக்காத தட்டுக்குப் பேரு தட்டு இல்ல, குப்பைத் தொட்டி.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவன் குடித்து வைத்திருந்த கோப்பையைத் தள்ளிவிட்டேன். அது உடையக்கூட இல்லை, உருண்டு போய்ச் சுவரோரம் நின்றது. நான் என்னென்னமோ சொன்னேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எத்தனை நாள் வந்தாய் என்பது வரைக்கும் போனேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, நான் கேட்டபடியே நிரலை எழுதிக் கொடுத்துவிட்டான். அன்றோடு எங்கள் பேச்சு நின்றது. அறையைப் பூட்டுவது யார், பால் வாங்குவது யார் என்பதெல்லாம் செயலியிலேயே எழுதிக்கொண்டோம். ‘மின்கட்டணம் – செய்யணும்.’ ‘கெட்டில் வயர் – நடக்குது.’ வேலை என்னவோ தடங்கல் இல்லாமல்தான் நடந்தது. எங்கள் செயலி எவ்வளவு நன்றாக உழைக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு.

இதற்கு நடுவில்தான் அப்பாவின் கண். அவருக்குக் கண்ணில் அழுத்தம். இடது கண் நாலு வருடத்துக்கு முன்பே போய்விட்டது. வலது கண்ணைச் சொட்டு மருந்தில் ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்த மாதப் பரிசோதனையில் சொட்டு மருந்து இனிமேல் தாங்காது என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார்.

“ஆறு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணியாகணும். தள்ளிப் போட்டா இந்தக் கண்ணுக்கும் நான் பொறுப்பில்ல. தேதி நாங்களே கூப்பிட்டுச் சொல்றோம்.”

பெஞ்சில் அப்பாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணன். உதவியாளர் ஃபோன் நம்பர் கேட்டார். அப்பா அண்ணனுடைய நம்பரைச் சொன்னார். எனக்கு அதிலும் ஒரு சின்ன வருத்தம். அன்று மாலையே நான் ஒரு வேலையை உருவாக்கி அண்ணனோடு பகிர்ந்தேன். ‘அப்பா கண் ஆபரேஷன் தேதி.’ என் பக்கத்தில் ‘காத்திருக்கு – அண்ணன்’ என்று போட்டேன். அது வழுக்கிக்கொண்டு இழுப்பறைக்குள் போனது. நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது. அப்படி இறங்க வேண்டும் என்றுதான் நான் அதை வடிவமைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் மருத்துவமனையிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் இதய டாக்டரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும், அது வந்ததும் தேதி தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதய டாக்டரின் பழைய ஃபைல் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அண்ணன் என்ன செய்தான்? எனக்கு நாலடி பின்னால் உட்கார்ந்துகொண்டு, அந்த வேலையின் கீழே எழுதினான். ‘ஹார்ட் டாக்டர் லெட்டர் கேக்கறாங்க. ஃபைல் உங்கிட்ட இருக்கு. லெட்டர் குடுத்தாத்தான் தேதி.’ எழுதிவிட்டு, தன் பக்கத்தில் ‘காத்திருக்கு – தங்கச்சி’ என்று போட்டான். அவன் தட்டச்சு செய்த சத்தத்தை நான் கேட்டிருப்பேன். எழுதியது சத்தமில்லாமல் என் இழுப்பறைக்குள் விழுந்தது.

நான் இழுப்பறையைத் திறக்கவில்லை. ஆணி எதையும் மறக்க மாட்டான், தேதி வந்தால் எழுதுவான் என்று இருந்தேன். அவனோ, இவள் ஃபைலைத் தேடி எடுத்து டாக்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று இருந்திருக்கிறான்.

அப்பா வீட்டுக்கு ஒரு ஞாயிறு நான், ஒரு ஞாயிறு அவன் என்று போய்க்கொண்டிருந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க அதுதான் வசதி. மூன்றாவது வாரம் நான் போனபோது அவரிடமே கேட்டேன்.

“தேதி ஏதாவது வந்துச்சாப்பா?”

“அண்ணன்கிட்டதானம்மா சொல்லுவாங்க. நீயே அவனை ஒரு வார்த்தை கேளேன்.”

“கேக்கறேன்.”

“வாயால கேளும்மா. அந்தக் கருமத்துல எழுதாத.”

“சரிப்பா” என்றேன். கேட்கவில்லை. அவனாகச் சொல்லட்டும், நான் ஏன் முதலில் பேச வேண்டும்? இவ்வளவுதான் என் மனதில் ஓடியது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

நாலாவது வாரம் செயலியின் கருத்துப் பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. ‘மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு, தங்கள் செயலியில் காத்திருப்புப் பகுதியின் எழுத்துகள் மிகவும் மங்கலாக உள்ளன. ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, ஓய்வு பெற்ற கிடங்குப் பொறுப்பாளர்.’ எனக்கு ஒரே சிரிப்பு. நானும் அதே தோரணையில் பதில் எழுதினேன். ‘ஐயா, தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.’ நிறங்களை மாற்ற அண்ணன் நிரலில் கை வைக்க வேண்டும். அதனால் அதையும் ‘காத்திருக்கு – அண்ணன்’ என்று போட்டேன்.

அடுத்த வாரம் இன்னொன்று. ‘ஐயா, பெரிய எழுத்திலும் மங்கல்தான்.’ அந்த ஞாயிறு போனபோது அவர் ஃபோனை வாங்கி எழுத்தின் அளவைக் கடைசி வரைக்கும் ஏற்றினேன். திரையில் மூன்று சொற்களுக்கு மேல் பிடிக்கவில்லை. “என்னப்பா இது, ஃபோனா கடை போர்டா?” என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். எனக்கு டீ ஊற்றும்போது கோப்பைக்கு வெளியே கொஞ்சம் ஊற்றினார். நான் துணியை எடுத்துத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே சாம்பல் நிறத்தை இன்னும் எவ்வளவு அடர்த்தியாக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதுகூட என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. பார்வை போய்க்கொண்டிருக்கும் மனுஷன் இரண்டு தடவை எழுதிச் சொல்கிறார். மகள் அதைப் புகார் வரிசையில் சேர்த்து எண் போட்டு வைக்கிறாள்.

எட்டாவது வாரம், வியாழக்கிழமை, காலை பத்து மணி. அறையில் இரண்டு பேரும் இருந்தோம். என் ஃபோன் அடித்தது. அப்பா.

“பட்டாசு, உங்க பக்கம் கரண்ட் இருக்காம்மா?”

“இருக்கேப்பா. ஏன்?”

“இங்க போயிருச்சு போல. ஒரே இருட்டா இருக்கு.” சுவிட்சைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. “ஆனா ஃபேன் மட்டும் ஓடுதும்மா.”

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. “அப்பா, எங்கயும் நடக்காதீங்க. அப்படியே உக்காருங்க. இதோ வந்துட்டேன்” என்று சொல்லி நாற்காலியைத் திருப்பினேன். “அண்ணா” என்றேன். இரண்டு மாதத்துக்கும் மேலாகி நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. அவன் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான், சாவியை எடுத்தான்.

அப்பா கூடத்து நாற்காலியில் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தார். படி இறங்கும்போது ஆளுக்கு ஒரு கையைப் பிடித்தோம். “ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்களா?” என்று கேட்டார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது.

டாக்டர் அம்மா வெகுநேரம் பார்த்தார். விளக்கை அணைத்து, போட்டு, மறுபடி பார்த்தார். பிறகு எங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

“லெட்டர் கொண்டு வாங்கன்னு சொன்னோமே. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் எங்க போனீங்க?”

“என்ன லெட்டர்?” என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். “நரம்பு காஞ்சு போச்சும்மா. இனிமே ஆபரேஷன் பண்ணினா வலி வராம இருக்கும், அவ்வளவுதான். பார்வைக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாது.”

வெளியே வந்து சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் தன் ஃபோனைத் திறந்து என் முன்னால் நீட்டினான். ‘காத்திருக்கு – தங்கச்சி.’ நான் என்னுடையதைத் திறந்து நீட்டினேன். ‘காத்திருக்கு – அண்ணன்.’ இரண்டும் அதே சாம்பல் நிறம், என்னுடைய சாம்பல் நிறம். அதன் கீழே அவன் எழுதிய கடித விஷயத்தை நாற்பத்தைந்து நாள் கழித்து அப்போதுதான் படித்தேன்.

“நாலடி தூரத்துல உக்காந்திருந்த. தோளைத் தட்டிச் சொன்னா என்ன? உன் கை முறிஞ்சா போயிரும்?” என்றேன். என் குரலுக்கு நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

“நீ ஏன் கேக்கல?”

அவன் ஃபோனை முழங்காலில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தான்.

“ஏழு நாளைக்கு ஒரு தடவை மேல வர்ற மாதிரி வெச்சிருந்தா...” என்று ஆரம்பித்தான், நிறுத்திக்கொண்டான்.

“சொல்லு. முழுசாச் சொல்லித் தொலை. என்னாலதான் எல்லாம்னு சொல்லு.”

“இல்ல. வெச்சிருந்தாலும் நான் உங்கிட்டப் பேசியிருக்க மாட்டேன். மறுபடி ஒரு தடவை காத்திருக்குன்னுதான் போட்டிருப்பேன்.”

அப்படிச் சொல்லிவிட்டு அவன் அழுதான். பெரிய உருவம், குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் அழவில்லை. அழுதால் நிம்மதியாகிவிடும் போல இருந்தது, அந்த நிம்மதி எனக்கு வேண்டாம் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். அவன் முதுகில் மட்டும் கையை வைத்தேன்.

நான் என் மூட்டை முடிச்சோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணன் தினமும் மாலையில் வருவான். நாங்கள் பேசிக்கொள்கிறோம். மாத்திரை நேரம், குளியலறைக் கைப்பிடி, வழுக்காத பாய், இதுமாதிரிப் பேச்சுதான். பேசி முடித்ததும் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்ப்போம். அப்பா எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தேவலை என்று இருந்தது. அறை அறையாகச் சுவரைத் தொட்டு எண்ணிக்கொண்டு நடக்கப் பழகினார். படுக்கையிலிருந்து கழிவறைக்கு ஒன்பது அடி, கூடத்து நாற்காலிக்குப் பதினாலு.

அந்த வாரம் அண்ணன் என்னிடம் கேட்காமலேயே நிரலை மாற்றி வெளியிட்டுவிட்டான். சனிக்கிழமை பதினோரு மணிக்கு இழுப்பறையில் இருப்பதெல்லாம் தானாகக் கவிழ்ந்து பட்டியலின் உச்சிக்கு வரும். கறுப்பு எழுத்தில் வரும். அதற்குச் சண்டை போட எனக்கு வாய் ஏது?

சனிக்கிழமை. அண்ணன் குளியலறை வாசலில் கைப்பிடிக்குத் துளை போட அளந்துகொண்டிருந்தான். அப்பா நாற்காலியில் இருந்தார். மேஜையில் கிடந்த அவருடைய ஃபோன் முனகியது.

“என்னம்மா சத்தம் அது?”

“காத்திருக்குல கிடந்ததெல்லாம் மேல வந்திருக்குப்பா. அண்ணன் புதுசா வெச்சிருக்கான். சனிக்கிழமை பதினோரு மணிக்கு.”

அவர் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. “கவுத்துட்டீங்களா?”

“கவுத்தாச்சுப்பா.”

“அப்படியா! சரி, ஒவ்வொரு சீட்டாப் படி.”

ஃபோனைக் கையில் எடுத்தேன். நான் ஏற்றி வைத்த அந்தப் பெரிய எழுத்து அப்படியே இருந்தது. “கீழ் வீட்டுக்காரர், ஏணி திருப்பித் தரணும்” என்று படித்தேன்.

“அந்த ஆளு உயிரோட இருக்கானா?”

“காலையிலதான் படியில பாத்தேன்ப்பா. நல்லா இருக்கார்.”

“அப்போ நாளைக்குக் கேளு. நம்ம ஏணி. அடுத்தது?”

“பெட்டிச் சாவி, பூட்டு ரிப்பேர்காரர்.”

“அவன் ஏமாத்துக்காரன். வேண்டாம்ல போடு. அடுத்தது?”

அடுத்தது ‘கண் ஆபரேஷன். காத்திருக்கு – பசங்க’ என்று இருந்தது. அதன் கீழே தேதி போட்டுப் போட்டு அவர் எழுதி வைத்திருந்தார், கிடங்கில் சீட்டின் பின்பக்கம் எழுதுவதுபோல. ‘பட்டாசு வந்தாள். அண்ணனைக் கேக்கச் சொன்னேன்.’ ‘பையன் வந்தான். தங்கச்சி எப்படி இருக்கான்னு கேட்டேன். பேச்சை மாத்திட்டான்.’ ‘இன்னும் பேசிக்கல.’ ‘நானே ஆஸ்பத்திரியைக் கேட்டா யார் விட்டதுன்னு ரெண்டும் அடிச்சுக்கும். முதல்ல பேசட்டும்.’ கடைசிக் குறிப்பு ஒரு புதன்கிழமை எழுதியது. எழுத்துகள் இடம் மாறி விழுந்திருந்தன, ஆனாலும் படிக்க முடிந்தது. ‘இன்னிக்கு ரொம்ப மங்கல். சனிக்கிழமை ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டுடணும்.’ மறுநாள் வியாழக்கிழமைதான் அவர் என்னிடம் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டது.

அண்ணன் எப்போது எழுந்து வந்தான் என்று தெரியவில்லை, என் தோளுக்குப் பின்னால் நின்று அவனும் படித்துக்கொண்டிருந்தான்.

“என்ன நிறுத்திட்ட?” என்றார் அப்பா. “கண்ணு ஆபரேஷன்தானே? கீழ எழுதினதெல்லாம் படிக்க வேணாம், அது என் கணக்கு. ஆணியும் அங்கதான் நிக்கறானா? மூச்சு வாங்குதே.”

“இருக்கேன்ப்பா.”

“ரெண்டு பேரும் இப்பப் பேசிக்கிறீங்கல்ல?”

“பேசிக்கிறோம்ப்பா” என்றோம். இரண்டு பேர் குரலும் ஒரே நேரத்தில் வந்தது.

“அப்போ முடிஞ்சதுல போட்டுரு.”

திரையில் ஐந்து நிலைகளும் வரிசையாக நின்றன. அவற்றின் பெயர்களுக்காக மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தியவள் நான். இதற்குப் பொருந்துகிற மாதிரி அதில் ஒன்றுகூட இல்லை. என் விரல் போகவில்லை. அண்ணன் பின்னாலிருந்து கையை நீட்டி அதைத் தொட்டான். சைக்கிள் மணியின் ஒற்றைச் சத்தம் கூடத்தில் கேட்டது. அப்பா சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“இது வேணாம்னு என்ன சண்டை போட்ட, பட்டாசு. நல்லவேளை அவன் எடுக்கல” என்றார். பிறகு, “அடுத்த சீட்டு?”

“அவ்வளவுதான்ப்பா. தட்டு காலி.”

“தட்டு காலியா? அப்போ வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.”

எங்களைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.